இடது பக்கத்து சீட்டு

ஸ்தனிஸ்லாஸின் காரில் இரண்டே சீட்டுதான். வலது பக்கத்து சீட்டில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஸ்தனிஸ்லாஸ் உட்காருவார். இடது பக்கத்து சீட்டில் அவர் மனைவி சகாயம்மாள் உட்கார வேண்டும். நான்கு வருடமாக அவள் உட்காரவில்லை. வேறு யாரையும் உட்கார வைக்க அவருக்கும் மனம் வரவில்லை. அதனால் அந்த சீட்டின் தோல் மட்டும் புதிதாகவே இருந்தது.

கார் 1954-ல் இங்கிலாந்தில் செய்தது. கூரை கிடையாது, பச்சை நிறம், தரையோடு தரையாக ஓடும். பொன்மலை ரயில்வே பட்டறையில் அதிகாரியாக இருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப் போனது. கை மாறிக் கை மாறி, அதே பட்டறையில் இயந்திரங்களுக்குப் படம் வரையும் பிரிவில் வேலை பார்த்த ஸ்தனிஸ்லாஸிடம் வந்து சேர்ந்தது. தென்னூரில் அவர்கள் குடியிருந்த தெருவில் அந்தக் காருக்கு இருந்த மதிப்பு அவருக்கு இருந்ததில்லை. அதில் அவருக்கு வருத்தமும் இல்லை.

சகாயம்மாள் ஞாயிற்றுக்கிழமைகளில் மண்ணச்சநல்லூரில் இருக்கும் தங்கை லூர்துராணியைப் பார்க்கப் போவாள். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் டவுன் பஸ் ஏறுவாள். ஸ்தனிஸ்லாஸ் காரை எடுத்துக்கொண்டு அந்த பஸ்ஸின் பின்னாலேயே போவார். பஸ் நிற்கும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவரும் நிற்பார். அந்தத் தடத்து கண்டக்டர்களுக்கெல்லாம் இது பழகிவிட்டது. "உங்க வீட்டுக்காரர் மாம்பழச்சாலையில மாட்டு வண்டிக்குப் பின்னாடி மாட்டிக்கிட்டாரும்மா" என்று அவளிடம் தகவல் சொல்லுகிற அளவுக்கு அக்கறையோடு இருந்தார்கள். சகாயம்மாள் திரும்பிப் பார்க்க மாட்டாள்.

இதற்கெல்லாம் காரணம் லூர்துராணியின் கல்யாணம். மண்ணச்சநல்லூர் கோயிலில் காலையில் தாலி கட்டு. சகாயம்மாள் பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, இடது பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தாள். கொள்ளிடப் பாலத்தின் நட்டநடுவில் கார் நின்றுவிட்டது. ஸ்தனிஸ்லாஸ் அவசரத்துக்குப் பின்னால் வந்த ஒரு தவிட்டு லாரியை மறித்து மனைவியை அதில் ஏற்றி அனுப்பினார். அவள் தலையிலும் புருவத்திலும் தவிடோடு போய், தாலி ஏறுகிற சமயத்துக்குச் சரியாகக் கோயிலுக்குள் நுழைந்தாள். இவர் காரைச் சரிசெய்துகொண்டு போய்ச் சேர்ந்தபோது பந்தி முடிந்து இலை எடுத்திருந்தார்கள்.

அன்று வீடு திரும்பும்போது அவள், "இனிமே இந்த வண்டியில ஏற மாட்டேன்" என்றாள். அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. ஸ்தனிஸ்லாஸ் தவிட்டைப் பற்றித்தான் கோபம் என்று முடிவுகட்டி ஒரு புதுப் பட்டுச்சேலை வாங்கிக்கொடுத்தார். அவள் கட்டிக்கொண்டு பஸ்ஸில் போனாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் தவிடு என்ற சொல்லை அவர் உச்சரிப்பதில்லை.

கார் நின்றதற்குக் காரணம் பாயிண்ட். நகத்தளவில் இரண்டு உலோகப் பொட்டுகள். இவை ஒட்டிப் பிரிகிற ஒவ்வொரு முறையும் பிளக்கில் பொறி பறந்து இன்ஜின் ஓடும். ஒட்டிப் பிரிந்து, ஒட்டிப் பிரிந்து, ஒரு நாள் கருகிப்போகும். அப்போது எந்தப் பாலமானாலும் வண்டி நின்றுவிடும். தன் குடும்ப வாழ்க்கை நகத்தளவு பொட்டில் தொங்குகிறது என்பதில் ஸ்தனிஸ்லாஸுக்குச் சந்தேகமே இல்லை. நான்கு வருடமாக உப்புத்தாள் வைத்து அதைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

எண்பத்து நாலாம் வருடம் கப்பலில் வேலை பார்க்கும் அவர் தம்பி பிலோமின்ராஜ் ஊருக்கு வந்தபோது லண்டனில் வாங்கிய ஒரு பொட்டலத்தைக் கொடுத்தான். பொட்டலத்துக்குள் எலக்ட்ரானிக் இக்னிஷன் இருந்தது. பாயிண்ட் இருந்த இடத்தில் உட்காரவைக்க ஒரு சின்னக் கண், அந்தக் கண் சொல்வதைக் கேட்டுப் பொறியைக் கிளப்ப ஒரு கறுப்புப் பெட்டி. ஒட்டுவதும் இல்லை, பிரிவதும் இல்லை, கருகுவதும் இல்லை. ஸ்தனிஸ்லாஸுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்று சாப்பிட உட்கார்ந்தபோது பெட்டியை ரசம் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேச்சை எடுத்தார்.

"சகாயம், இதை மாட்டிட்டா வண்டி நிக்காது."

"நிக்கவே நிக்காதா?"

"நிக்கவே நிக்காது. லூர்துராணி குழந்தை ஞானஸ்நானத்துக்கு நம்ம வண்டியிலயே போயிட்டு வரலாம். வழியில நின்னுச்சுன்னா, வந்த விலைக்கு வித்துடறேன்."

சகாயம்மாள் பெட்டியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "சரி, வரேன். பாக்கலாம்" என்றாள். எதைப் பார்க்கலாம் என்று அவர் கேட்டிருக்க வேண்டும். சந்தோஷத்தில் ரசத்தை இரண்டாம் தடவை ஊற்றிக்கொண்டார்.

தென்னூரில் மருதை வைத்திருந்த ஒர்க் ஷாப்பில் வேலை தொடங்கியது. மருதை வண்டி எலக்ட்ரீஷியன், முருக பக்தர், நல்ல மனுஷர். பெட்டியோடு வந்த காகிதத்தை ஸ்தனிஸ்லாஸ் படித்துச் சொன்னார். பேட்டரியின் மைனஸ் பக்கம் பாடியோடு சேர்ந்திருக்கும் வண்டிக்கு மட்டும்தான் இந்தப் பெட்டி பொருந்தும், மாற்றிக் கொடுத்தால் பெட்டி அந்த நிமிஷமே போய்விடும் என்று போட்டிருந்தது. மருதை குனிந்து காரின் பேட்டரியைப் பார்த்தார்.

"சார், இதுல பிளஸ்ஸையில்ல பாடியில குடுத்திருக்கான்!"

"அந்தக் காலத்து இங்கிலீஷ் வண்டி அப்படித்தாங்க."

"ரோட்டுல இடது பக்கம் போன்னு நமக்குச் சொல்லிக்குடுத்தவன், இதை இப்படிச் செஞ்சு வெச்சிருக்கானே" என்றார் மருதை. நெடுநேரம் அவருக்கு மனம் ஆறவில்லை.

ஆகவே முப்பது வருடம் ஒரு மாதிரி ஓடிய காரை அவர்கள் தலைகீழாக மாற்றினார்கள். காயிலின் இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றினார்கள். ஆம்பியர் மீட்டரின் ஒயர்களை மாற்றினார்கள். டைனமோவுக்கு ஒரு ஒயரால் பேட்டரியிலிருந்து நொடி நேரம் மின்சாரத்தைத் தொட்டுக்காட்டி, இனிமேல் இந்தப் பக்கம்தான் என்று புத்தி சொன்னார்கள். பேட்டரியின் பிளஸ் முனை கொஞ்சம் தடிமன், மைனஸ் முனை ஒல்லி. பழைய கிளாம்புகள் மாற்றிப் போட்டால் பொருந்தவில்லை. ஸ்தனிஸ்லாஸ் இரண்டையும் அரத்தால் ராவி எந்த முனையிலும் உட்காருகிற மாதிரி செய்தார். குழப்பம் வரக் கூடாதே என்று பிளஸ் முனையில் மட்டும் சிவப்புப் பெயின்ட் தொட்டு வைத்தார். எல்லாவற்றையும் யோசித்துத்தான் செய்தார். பிழை வருவது இப்படிப்பட்டவர்களுக்குத்தான்.

கடைசியாகப் பேட்டரியை மாட்டி ஸ்டார்ட் செய்வது மட்டும் பாக்கி. அதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது. அன்று மருதை பட்டறையில் ஸ்பேனர், ஜாக்கி, காற்றடிக்கும் பம்பு உட்பட எல்லாம் குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டன. பூஜை முடிந்த மறுநாள் ஸ்தனிஸ்லாஸ் வந்தபோது மருதை டீ குடிக்கப் போயிருந்தார். பட்டறை முழுக்கச் சாம்பிராணிப் புகை. பேட்டரி பளபளவென்று காரில் உட்கார்ந்திருந்தது. ஒரு முனையில் சிவப்பு இருந்தது. ஸ்தனிஸ்லாஸ் சிவப்புக்கு உரிய கிளாம்பைச் சிவப்பில் மாட்டினார். மற்றதை மற்றதில் மாட்டினார். சிலுவை போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பினார்.

ஆம்பியர் மீட்டரின் முள் போகக் கூடாத பக்கம் போய் ஒட்டிக்கொண்டது. அவர் சாவியை அணைத்தார். அதற்குள் கறுப்புப் பெட்டி உயிரை விட்டிருந்தது. கருகிய வாசனை வந்திருக்கும். சாம்பிராணியில் தெரியவில்லை.

பேட்டரியின் சிவப்பை விரலால் தொட்டார். விரலில் ஒட்டியது. பெயின்ட் ஒட்டாது. அவருக்கு முகம் சுண்டிப்போனது. டீ குடித்துவிட்டு வந்த மருதையிடம் விரலைக் காட்டினார்.

"இது என்னங்க?"

"குங்குமம் சார்."

"நான் வெச்ச பெயின்ட் எங்க?"

"புளி போட்டுத் தேச்சேன் சார், பளிச்சுனு இருக்கட்டும்னு. அதுல போயிருக்கும். மத்த வண்டிக்கெல்லாம் பேட்டரிக்கு மூணு பொட்டு, எலுமிச்சம்பழம், மாலை, எல்லாம் போட்டேன். நீங்க மாதா கோயிலுக்குப் போறவங்க. உங்க மனசு கோணக் கூடாது பாருங்க. அதனால ஒண்ணே ஒண்ணு மட்டும் வெச்சேன்."

"அந்த ஒண்ணை ஏன் மைனஸ்ல வெச்சீங்க?"

மருதை யோசித்தார். "அதுதான் சார் கைக்கு எட்டுச்சு."

மூன்று பொட்டு வைத்திருந்தால் ஸ்தனிஸ்லாஸ் குங்குமம் என்று கண்டுகொண்டிருப்பார். ஒன்றும் வைக்காமல் இருந்திருந்தால் மீட்டர் வைத்துப் பார்த்திருப்பார். மரியாதைக்காக ஒன்றே ஒன்று வைத்ததால் பெட்டி எரிந்தது. மரியாதை செய்தவரிடம் எப்படிச் சண்டை போடுவது? கையைப் பிசைந்துகொண்டு நின்றார். ஞானஸ்நானம் அடுத்த ஞாயிறு. லண்டனிலிருந்து இன்னொரு பெட்டி வர கிறிஸ்துமஸ் ஆகிவிடும். அந்த சீட்டு இனி எப்போதும் காலியாகவே இருக்கும் என்று தோன்றியதும் அவருக்கு அழுகை வந்துவிட்டது. புகை கண்ணில் பட்டுவிட்டதாக மருதையிடம் சொன்னார்.

சிங்காரத்தோப்பில் கமருன்னிசா என்ற அம்மாளின் ரேடியோ ரிப்பேர் கடை இருந்தது. பெட்டியைப் பிரித்து அந்த அம்மாள் முன் வைத்தார்.

"யா அல்லா, இதை அடுப்புலயா வெச்சீங்க?" என்றாள் கமருன்னிசா. "எந்த ஸ்டேஷன் பிடிக்கும் இது?"

"ரேடியோ இல்லீங்க. கார்ல மாட்டறது."

ஒரு டிரான்சிஸ்டர்தான் போயிருந்தது. அதே அளவில் வேறொன்று அவளிடம் இருந்தது. ஸ்தனிஸ்லாஸ் அங்கேயே உட்கார்ந்து பற்ற வைத்தார். இனி யார் எந்த முனையில் பொட்டு வைத்தாலும் எரியாதபடி நடுவில் ஒரு டயோடும் சேர்த்துக்கொண்டார்.

"இவ்வளவு பாடுபட்டு யாரை ஏத்திக்கிட்டுப் போகப் போறீங்க?"

"வீட்டுக்காரம்மாவை."

"அவங்க கேட்டாங்களா?"

ஸ்தனிஸ்லாஸ் பெட்டியின் மூடியைத் திருகத் தொடங்கினார். கேட்கவில்லைதான். மூடியை நன்றாக இறுக்கித் திருகினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாவியைத் திருப்பியதும் கார் முதல் சுற்றிலேயே கிளம்பியது. இருமல் இல்லை, உதறல் இல்லை. சகாயம்மாள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு இடது பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். நான்கு வருடத்தில் ஸ்தனிஸ்லாஸ் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

காவிரிப் பாலம் தாண்டினார்கள். ஸ்ரீரங்கத்தில் கட்டி முடியாத ராஜகோபுரம் சாரத்தோடு தெரிந்தது. "பாரு, எவ்வளவு உயரம் வந்துடுச்சு" என்றார். அவள் கோபுரத்தைப் பார்க்காமல் அவரைப் பார்த்தாள். கொள்ளிடப் பாலம் வந்தது. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கார் கரைக்குக் கரை ஒரே சீராக ஓடி, பாலத்தைவிட்டு இறங்கியது. சகாயம்மாள் ஒரு பெருமூச்சு விட்டாள். பயம் விட்டதற்கான பெருமூச்சு என்று அவர் எடுத்துக்கொண்டார்.

ஞானஸ்நானம் நன்றாக நடந்தது. திரும்பும்போதும் எங்கேயும் நிற்கவில்லை. வீட்டு வாசலில் இன்ஜினை அணைத்துவிட்டு அவள் முகத்தையே பார்த்தார்.

"நிக்கலை பாத்தியா?"

"நிக்கலை." இன்றைக்குத் தபால் வரவில்லை என்று சொல்வதைப் போலச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்தனிஸ்லாஸ் காரைத் துடைத்து, இடது பக்கத்து சீட்டில் ஒரு துண்டு விரித்து, ஹாரன் அடித்துக் காத்திருந்தார். வெகுநேரம் கழித்துத்தான் அவள் பின்வாசல் வழியாகப் போய்விட்டது தெரிந்தது. காரை விரட்டிக்கொண்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். மண்ணச்சநல்லூர் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. ஜன்னலோரம் சகாயம்மாள். காரை அந்த ஜன்னலுக்கு நேர் கீழே கொண்டுபோய் நிறுத்தி, அண்ணாந்து பார்த்துக் கத்தினார்.

"சகாயம், இறங்கு! வண்டிதான் நிக்கலையே!"

"நிக்கலைதான்."

"அப்புறம் என்ன?"

"நின்னிருந்தா நல்லா இருந்திருக்கும்."

ஸ்தனிஸ்லாஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கார் இன்ஜின் நின்ற இடத்திலேயே நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது. சகாயம்மாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசினாள். நான்கு வருடம் பேசாததை எல்லாம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பேசினாள்.

"அன்னிக்கு என்னை லாரியில ஏத்தி விட்டீங்க. லாரி கிளம்பினதும் திரும்பிப் பாத்தேன். நீங்க என்னைப் பாக்கலை. பானெட்டுக்குள்ள தலையை விட்டுக்கிட்டு நின்னீங்க. கோயில்ல பாத்தவங்க எல்லாம் எங்க உங்க வீட்டுக்காரர்னு கேட்டாங்க. வந்துக்கிட்டே இருக்காருன்னேன். கல்யாண போட்டோ எடுக்கறப்ப, வந்துடுவீங்கன்னு என் பக்கத்துல உங்களுக்கு இடம் விட்டு நின்னேன். அந்த போட்டோவைப் பாத்திருக்கீங்களா? இன்னிக்கும் அப்படியே காலியா இருக்கு."

"தவிட்டுக்காகக் கோபம்னுல்ல நான் நெனச்சு..." நான்கு வருடம் கழித்து அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்துவிட்டது.

"தவிடு தட்டினா போயிடுங்க." அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "போன வாரம் எதுக்கு ஏறினேன் தெரியுமா? மறுபடியும் வண்டி நின்னா, அதை விட்டுட்டு என்கூட வருவீங்களா, இல்லை என்னை யார்கூடவாவது ஏத்தி விட்டுட்டு அதுகூட நிப்பீங்களான்னு பாக்கணும்னு இருந்தேன். அதுக்கும் வழியில்லாம எதையோ மாட்டி வெச்சிட்டீங்க."

பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் ஸ்தனிஸ்லாஸைப் பார்த்தார்கள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமல் காத்திருந்தார். ஸ்தனிஸ்லாஸுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அத்தனை ஒயரையும் மாற்றினோமே, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று நினைத்தார். சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார். வாழைப்பழக் கடைக்காரர், "சார், இங்க வண்டியை விடாதீங்க, போலீஸ் தூக்கிட்டுப் போயிடுவான்" என்றார். "தூக்கட்டுங்க" என்று சொல்லிவிட்டு ஸ்தனிஸ்லாஸ் பஸ்ஸில் ஏறினார். சகாயம்மாள் பக்கத்தில் இருந்தவர் சொல்லாமலே எழுந்து வேறு இடத்துக்குப் போனார். கண்டக்டர் விசில் ஊதினார்.

திருவானைக்காவல் தாண்டியதும் பஸ் இரண்டு முறை குலுங்கி நின்றுவிட்டது.

டிரைவர் செல்ஃப் அடித்துப் பார்த்தார். இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. டீசல் குழாயில் காற்று புகுந்திருக்கிறது என்று ஸ்தனிஸ்லாஸின் காது உடனே கண்டுபிடித்துவிட்டது. ஒரே ஒரு நட்டைத் தளர்த்தி, கைப் பம்பை அடித்தால் போதும். டிரைவர் இறங்கிப் போய் வேறு எதையோ திருகிக்கொண்டிருந்தார். தப்பான இடத்தில் திருகுகிறார் என்பது சத்தத்திலேயே தெரிந்தது. ஸ்தனிஸ்லாஸின் கைகள் நமநமத்தன. இரண்டையும் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்தார். வெயில் ஏறியது. பாதிப் பேர் இறங்கி மரத்தடிக்குப் போனார்கள். பின்னால் வந்த பஸ்கள் ஆள் பிதுங்க நிற்காமல் போயின.

கண்டக்டர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "சார், உங்களுக்கு இதெல்லாம் தெரியுமே. ரயில்வே பட்டறையிலதானே வேலை பாக்கறீங்க? கொஞ்சம் வந்து பாருங்களேன்."

சகாயம்மாள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முதுகு விறைத்திருந்தது.

"இன்னிக்கு முடியாதுங்க" என்றார் ஸ்தனிஸ்லாஸ். "வீட்டுக்காரம்மாவோட வந்திருக்கேன்."

அன்று அவர்கள் மண்ணச்சநல்லூர் போய்ச் சேர்ந்தபோது சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. லூர்துராணி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தாள். "ஏன்க்கா இவ்வளவு லேட்டு? பயந்தே போயிட்டேன்" என்றாள்.

"பஸ் வழியில நின்னுடுச்சு" என்றாள் சகாயம்மாள். அதைச் சொல்லும்போது அக்காள் ஏன் அப்படிச் சிரித்தாள் என்பது லூர்துராணிக்குப் புரியவில்லை.